கூலியும் தொழிலாளியும்

சொல் என்பது பொருளை உணர்த்தும் குறி என்பர் இலக்கண நூலார். அது பொருளை மட்டும் உணர்த்துவதன்று. அதனை எடுத்தாளுகின்றவர் உள்ளத்தையும் உடன் உணர்த்தும். இவ்வுண்மையை யாம் கல்லூரியில் அடியெடுத்து வைத்த முதல் நாளிலேயே கற்றோம். ஆயின் அப்பாடம் வகுப்பறையில் நடந்ததன்று. விண்ணப்பத்தாள் வாங்கும் பலகணியருகே நடந்தது.

அத்தாளில் 'தந்தையின் தொழில்' என ஓரிடமும், 'தாயின் தொழில்' என ஓரிடமும் விடப்பட்டிருந்தன. எம் தந்தையார் புதுச்சேரி நகரத்து ஆலையொன்றில் பல்லாண்டு தறி ஓட்டியவர். ஆலை மூடியபின் கட்டடம் எழும்பும் இடங்களிலும் சரக்கு இறக்கும் இடங்களிலும் கிடைத்த வேலையைச் செய்து குடும்பத்தைக் காத்து வருபவர். யாம் முன்னைய இடத்தில் 'கூலி' என்றும், பின்னைய இடத்தில் 'இல்லை' என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். பள்ளிக்கூடத்திலும் அவ்வாறே எழுதிப் பழகிய கை அது. அன்று மாலை எம் தந்தையார் அத்தாளின் படியை வாங்கிப் படித்தார். சினந்தாரல்லர். சிறிது பொழுது கழித்து, "தறி ஓட்டினவர் என்றாவது எழுதியிருக்கலாமே, தம்பி" என்று மட்டும் கூறினார்.

அவர் கூறியது எம் நெஞ்சில் தைத்தது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்க வந்த யாம், தொழிலைக் கேட்ட இடத்தில் விலையை எழுதிக் கொடுத்தோம் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. ஆதலின், தொழிலைக் குறிக்கும் நம் சொற்கள் சிலவற்றின் பொருளையும், அவை நம் நகரத்து வாழ்வில் நடந்துவந்த வழியையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

நம் மொழியில் தொழிலைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் பழமை வாய்ந்த ஒன்று வினை என்பது. தொல்காப்பியர் வினைச்சொல்லுக்கு இலக்கணம் வகுக்குங்கால், அது வேற்றுமை ஏலாது என்றும், காலத்தோடு புலப்படும் என்றும் வரையறுத்தார். எனவே, தொழில் என ஒன்று உண்டாயின் அதனோடு ஒருவன் வாழ்நாளில் ஒரு பகுதியும் செலவாகின்றது என்பது இலக்கணத்தாலேயே பெறப்படும். இதனை நினைவில் வைத்துக்கொள்வோமாக. ஆலையைப் பற்றிக் கூறுமிடத்து இது மீண்டும் பயன்படும். திருவள்ளுவரும் பொருட்பாலில் ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரம் அமைத்ததோடு, வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இத்துணைப் பெருமையுடைய சொல் இன்று பேச்சுவழக்கில் துன்பத்தைக் குறிக்குமாறு தேய்ந்துவிட்டது. ஒரு காரியம் கெட்டால் 'அது வினையாய் முடிந்தது' என்கிறோம்.

பணி என்பது பணிதலோடு இயைந்த சொல். ஏவுவோர் ஒருவர், ஏவலைச் செய்வோர் ஒருவர் என இருவரை அது நம் கண்முன் நிறுத்தும். உழைப்பு என்பது உழத்தல் என்பதனோடு இயைந்தது. உழத்தலுக்கு முயலுதல் என்றும் வருந்துதல் என்றும் இரு பொருளும் உண்டு. முயற்சியும் வருத்தமும் ஒரு சொல்லில் உறைவதை உழைத்தவரே நன்கறிவர்.

வேலை என்பதே இக்காலத்து எல்லாருடைய நாவிலும் வழங்குவது. கம்பர் முதலிய புலவர்கள் இச்சொல்லால் கடலைக் குறித்தனர். கரை, காலம் என்னும் பொருள்களும் இதற்கு உண்டு. நம் நகரத்துக் குப்பங்களில் வைகறையிற் கட்டுமரம் தள்ளும் மீனவரைக் கண்டு, 'வேலைக்குப் போகிறார்' என்று கூறின், அஃது இருபொருளும் தந்து நிற்கும். ஆயின் மாணவர் கூட்டத்தில் வேலை என்றால் மாதச் சம்பளமும் நாற்காலியும் உடைய உத்தியோகம் ஒன்றே. 'அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது' என்னும்போது, வலையோ தறியோ ஏர்மேழியோ நம் நினைவுக்கு வருவதில்லை.

ஊழியம் என்பது கிறிஸ்தவராகிய எமக்குச் சிறுவயது முதல் பழகிய சொல். குருமாரும் பிறரும் செய்யும் இறைபணியை ஊழியம் என்கிறோம். ஆயின் கூலி கொடாமல் வாங்கப்படும் வேலை என்னும் பொருளும் அதற்கு உண்டு. திருவிதாங்கூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழைக் குடிமக்கள் ஊதியமின்றிச் செய்யுமாறு வற்புறுத்தப்பட்ட வேலைக்கு ஊழியம் என்பதே பெயராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் அதற்கு இழுக்கப்பட்ட கிறிஸ்தவர்க்காக மிஷனெரிமார் வாதாடினர். ஒருவன் விரும்பிச் செய்தால் திருப்பணி. பிறர் வருத்திச் செய்வித்தால் அடிமைத்தொழில். இரண்டிற்கும் சொல் ஒன்றே. வேறுபாடு தொழிலில் இல்லை, அதனைச் செய்வோனுடைய உரிமையில் உள்ளது என்பதை இச்சொல் நமக்குக் கற்பிக்கின்றது.

நிற்க. நம் நகரம் 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஆதலின் அவர்தம் சொல்லையும் நோக்குதல் தகும். பிரெஞ்சு மொழியில் வேலைக்குத் 'திரவாய்' என்பது பெயர். மூன்று கழிகளாலாகிய வதைக்கருவி ஒன்றனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது என்று சொல்லாராய்ச்சியார் பலர் உரைப்பர். பிள்ளை பெறும் தாயின் நோவுக்கும் அச்சொல்லையே அவர்கள் ஆளுவர். ஆங்கிலரும் உழைப்புக்கும் மகப்பேற்று நோவுக்கும் ஒரு சொல்லையே வழங்குவர். நம் முன்னோரோ அதனைப் பேறு என்றனர். அதற்குரிய காலத்தைப் பேறுகாலம் என்றனர். நோவை நோக்கி அவர்கள் பெயரிட, நோவின் முடிவிற் பெறுவதை நோக்கி நம்மவர் பெயரிட்டனர். இதனைக் கொண்டு நம் மொழியே உயர்ந்தது என்று தருக்குதல் வேண்டா. உழைப்பவரைக் குறிக்க நாம் வழங்கும் சொல் ஒன்றன் கதையைக் கேட்டால் அத்தருக்கு அடங்கும். அச்சொல்லே கூலி.

கூலி என்பது தொடக்கத்தில் இழிந்த சொல்லன்று. தெய்வத்தால் ஆகாதவிடத்தும், ஒருவன் தன் உடம்பை வருத்தி முயன்ற முயற்சி அதற்குரிய பயனைக் கொடுத்தே தீரும் என்று கூறவந்த வள்ளுவர், அப்பயனுக்குக் கூலி என்றே பெயரிட்டார். ஊழுக்கு எதிரே முயற்சியை நிறுத்திய இடத்தில் வைத்த சொல் அது. ஆண்டுக் கூலியாவது ஒருவன் பெறும் பொருள், அவன் பெயரன்று.

பெறும் பொருளின் பெயர் பெறுகின்றவனுக்கே பெயராய் நின்றால் அதனை ஆகுபெயர் என்கிறோம். கூலி என்பது அவ்வாறு ஆகுபெயராய் உலகெங்கும் பரவிய வரலாற்றில் நம் நகரத்துத் துறைமுகத்துக்கும் பங்குண்டு. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தத்தின்கீழ்க் கப்பலேற்றப்பட்டனர். இந்துமாக்கடலிலுள்ள ரெயூனியன் தீவுக்கும், அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலுள்ள மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் அவர்கள் சென்றனர். குவாதலூப்புக்கு நம்மவரை ஏற்றிச் சென்ற முதற் கப்பலாகிய அவுரேலி 1854ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், அத்தீவை அடைந்தது. 1861ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரோடு உடன்படிக்கை செய்து, தம் ஆட்சிக்குட்பட்ட மக்களையும் இவ்வாறு கொண்டுபோக இசைந்தனர். ரெயூனியனுக்கு ஆளனுப்புவது 1882இல் நின்றது; மற்றைத் தீவுகளுக்கு அனுப்புவது 1888இல் நின்றது.

கப்பலேறியவருள் உழவர் இருந்தனர். நெசவரும் வேறு பல தொழில் வல்லாரும் இருந்தனர். இறங்கிய கரையில் அவர்கள் எல்லாருக்கும் கூலி என்னும் ஒரு பெயரே கிடைத்தது. அடிமைமுறை ஒழிந்துவிட்டது என்று சட்டம் சொல்லிற்று. ஆயின் மனிதனை அவன் விலையால் அழைக்கும் வழக்கம் ஒழியவில்லை. அத்தீவுகளில் அவர்தம் பேரரையும் இகழ்ந்து அழைப்பதற்கு அச்சொல் நெடுங்காலம் வழங்கிற்று.

கடலைக் கடவாமல் ஊரில் இருந்தவர் நிலை யாது? நம் நகரத்துக்குப் புகழ் தந்தது துணி. அவுரிச்சாயம் தோய்த்த நீலத்துணி இங்கிருந்து மேலை ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாடு வரை சென்றது. அங்கே வேலமரப் பிசின் வாணிகத்தில் அத்துணியே நாணயம் போல எண்ணிக் கொடுக்கப்பட்டது. நெய்தவர் கைப்பொருள் பணமாக மாறிற்று. நெய்தவர் பெயரை அறிந்தவர் இலர். பின்னர் நீராவியால் இயங்கும் ஆலைகள் எழுந்தன. சவானா ஆலை, 1898இல் தோன்றிய ரோடியர் ஆலை, கெப்ளே ஆலை என்னும் மூன்றும் இந்நகரத்தின் பெரிய ஆலைகளாயின. ஆலைச்சங்கு ஊதுவதைக் கேட்டே நகரத்தார் பொழுதை அறிந்தனர்.

தொல்காப்பியர் வினையோடு காலத்தை இயைத்தார் என்று முன்னர்க் கூறினோம். ஆலையில் விற்கப்பட்டது அக்காலமே. கைத்தறியில் நெய்பவர் துணியை விற்றார்; ஆலையில் நெய்பவர் தம் வாழ்நாளை மணி மணியாக விற்றார். நாளொன்றுக்குப் பத்து மணிநேரத்துக்கு மேலும் வேலை வாங்கப்பட்டது. பெண்டிரும் சிறுவரும் அவ்வேலையில் இருந்தனர். சங்கம் சேர்ந்து பேசும் உரிமையும் அவர்களுக்கு இல்லை.

இந்நிலையில் அண்டை நாடாகிய சென்னையில் ஒரு புதிய சொல் எழுந்து பரவிற்று. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியாவோடு அதற்கு உழைத்த திரு. வி. கலியாணசுந்தரனார், அதற்கு முன் இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். மிஷன் கல்லூரியில் தமிழ் கற்பித்த நாவே ஆலைவாயிலில் தொழிலாளர்க்காகவும் பேசிற்று என்பது எம்போன்ற மாணவர் மறவாது போற்றத்தக்கது. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். தொழிலாளர் என்னும் சொல் மேடைதோறும் முழங்கலாயிற்று.

அச்சொல்லின் அமைப்பைச் சிறிது நோக்குவாம். தொழிலாளி என்பது தொழில், ஆளி என்னும் இரு பகுதிகளை உடையது. ஆளுதலாவது ஒன்றைத் தன் ஆட்சியில் வைத்து நடத்துதல். முதலை ஆள்பவர் முதலாளி; தொழிலை ஆள்பவர் தொழிலாளி. இரண்டு சொற்களும் ஒரே விகுதியால் முடிவது காண்க. நம் மொழி இவ்விருவரையும் எதிரெதிரே ஒத்த உயரமுடைய இருக்கைகளில் அமர்த்தியிருக்கின்றது. கூலி என்னும் பெயருடையவர் கேட்கக்கூடியது இன்னும் இரண்டு காசு. தொழிலாளி என்னும் பெயருடையவர் தம் காலத்தையும் தம் உரிமையையும் கேட்கலாம்.

புதுச்சேரி ஆலைமக்களும் அவ்வாறே கேட்டனர். வ. சுப்பையா 1934ஆம் ஆண்டிற் 'சுதந்திரம்' என்னும் இதழைத் தொடங்கித் தொழிலாளரை ஒன்றுசேர்த்தார். எட்டு மணி வேலையும் சங்க உரிமையும் வேண்டி 1936ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் சவானா ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அம்மாதம் 30ஆம் நாள் பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டதிற் பன்னிருவர் உயிர்நீத்தனர். அவ்வாண்டுதான் பிரான்சில் தொழிலாளர் பக்கம் சார்ந்த லெயோன் புளும் தலைமை அமைச்சராகி, அந்நாட்டுத் தொழிலாளர்க்கு வாரம் நாற்பது மணி வேலை என்னும் சட்டத்தை இயற்றியிருந்தார். அங்கே சட்டத்தாற் கிடைத்தது இங்கே குருதி சிந்திய பின்னரே கிடைத்தது. 1937ஆம் ஆண்டு பிரெஞ்சிந்தியாவுக்கெனத் தொழிற்சட்டம் பிறந்தது. எட்டு மணி வேலையும், சங்கம் அமைக்கும் உரிமையும் அதனால் ஏற்பட்டன.

இதன் அருமையை ஒப்பிட்டு நோக்கினால்தான் உணரலாகும். உலகத் தொழிலாளர் அமைப்பு 1919இல் வகுத்த முதல் உடன்படிக்கையே எட்டு மணி வேலையைப் பற்றியது. அவ்வாறிருந்தும், பிரிட்டிஷ் இந்தியாவில் 1934ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 54 மணிநேரம் வேலை வாங்க இடங்கொடுத்தது. அது 48 மணியாகக் குறைந்தது 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால். சின்னஞ்சிறு புதுச்சேரி அதற்குப் பல ஆண்டுகள் முந்திக்கொண்டது. ஆண்டுதோறும் ஜூலை 30ஆம் நாளைத் தியாகிகள் நாளாக நம் நகரத்தார் நினைவுகூர்கின்றனர். அப்பன்னிருவரும் எட்டு மணிநேரத்தை மட்டும் பெற்றுத் தந்தாரல்லர். கூலி என்று அழைக்கப்பட்டவர் தொழிலாளி என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் தகுதியையும் பெற்றுத் தந்தனர்.

இனி, விண்ணப்பத்தாளின் இரண்டாம் இடத்துக்கு வருவாம். எம் அன்னையார் விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடிப்பார், சமைப்பார், நடக்க மாட்டாத எம் பாட்டியாரைக் குளிப்பாட்டி உணவூட்டுவார், துணி துவைப்பார், இரவு எல்லாரும் உண்டபின் தாம் உண்டு பாத்திரம் கழுவிப் படுப்பார். எட்டு மணி என்னும் சட்டம் அவர் அடுப்பங்கரைக்குள் நுழைந்ததில்லை. அவருக்கு வேலை முடிந்தது என்று ஊதும் சங்கும் இல்லை. ஆயினும் 'தாயின் தொழில்' என்னுமிடத்து 'இல்லை' என்று எழுதினோம். ஏன்? அவர் கூலி வாங்குவதில்லை; ஆதலின் அவர் செய்வது தொழிலன்று என்னும் எண்ணம் எம்மை அறியாமலே எம் உள்ளத்திற் குடிகொண்டிருந்தது. தொழிலுக்குக் கூலி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டதனால், ஒரே தாளில் இருவருக்கும் பிழை செய்தோம். தந்தையாரைக் கூலியாக்கினோம், தாயாரை இல்லாமற் செய்தோம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். எம் விடுதி நண்பர் ஒருவர் இதனைக் கேட்டு, "சொல்லை மாற்றினால் வயிறு நிரம்புமா? கூலி என்று எழுதினால்தானே உதவித்தொகை கிடைக்கும் என்கிறார்கள்" என்றார். அவர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. முற்கூறிய மூன்று ஆலைகளும் 2020ஆம் ஆண்டளவில் மூடப்பட்டன. ஆலை மூடிய பின் தறி ஓட்டியவர் நாட்கூலிக்கு நிற்கின்றார்; அவருக்கு வருகைப் பதிவும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. பெற்ற சட்டங்களும் என்றும் நிலைத்திருக்கும் என்பதற்கில்லை. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் பன்னிரண்டு மணி வேலைக்கு இடங்கொடுக்கும் திருத்தம் ஒன்று தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறிற்று; எதிர்ப்பு எழுந்ததனால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. இவற்றை நோக்குமிடத்து, சொல் மட்டும் சோறு போடாது என்பது தெளிவு.

ஆயினும், சொல்லின்றி உரிமை வந்ததும் இல்லை. தன்னை ஒரு விலையாகவே எண்ணியிருப்பவர் தம் காலத்தைத் தமதென்று கேட்க எழார். அவரைப் பெற்ற பிள்ளையே அவரை விலையால் அழைப்பானாயின், பிறர் அவ்வாறு அழைப்பதைத் தடுப்பது எங்ஙனம்? உதவித்தொகைக்கு வேண்டுவது வருமானத்தின் அளவு. அதற்குத் தாளில் வேறோரிடம் உண்டு. தொழிலைக் கேட்ட இடத்தில் தொழிலையே கூறுவது பொய்யும் அன்று, பெருமை பேசுதலும் அன்று. கேட்ட கேள்விக்கு நேரிய விடையாகும்.

இவ்வாண்டு உதவித்தொகைக்கு மீண்டும் விண்ணப்பம் எழுத நேர்ந்தது. தாயின் தொழில் என்னுமிடத்தில் 'இல்லப்பணி' என்று எழுதினோம். தந்தையின் தொழில் என்னுமிடத்தில் 'நெசவுத் தொழிலாளி. இப்பொழுது கட்டடத் தொழிலாளி' என்று எழுதி, கொடுக்குமுன் அவரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார். படித்துவிட்டு, "நெசவு என்று பொதுவாக எழுதாதே, தம்பி, விசைத்தறி என்று எழுது. கைத்தறி எனக்குத் தெரியாது" என்று திருத்தினார். தாம் ஆண்ட தொழில் இன்னதென்று அறிந்தவர் அவர். அவர் கூறியவாறே திருத்தி எழுதிக் கொடுத்தோம்.

மாணவ நண்பர்காள்! நம்முட் பலர் நம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி வாயிலை மிதித்தவர். நாம் இங்கே அமர்ந்து கற்கும் ஒவ்வொரு மணிநேரமும் வேறெங்கோ ஒருவர் உழைத்த ஒரு மணிநேரத்தால் வாங்கப்பட்டது. அவர் தொழிலின் பெயரை அவரிடமே கேட்டறிந்து, பிழையின்றி எழுதுவோமாக. நாளை நாமும் நாற்காலியில் அமர்ந்து பிறர் தொழிலைக் கேட்டு எழுதுங்காலம் வரும். அன்று நம் எழுதுகோல் கூலி என்னும் சொல்லுக்கு முன் சிறிது நின்று, 'என்ன தொழில் செய்கின்றீர், ஐயா?' என்று இன்னும் ஒருமுறை கேட்குமாக.